வரவில்லை என்று சொன்னவர்கள்

ஜூன் 3, திங்கள்

ஆதிரை இன்று கேட்ட புதுச் சத்தம்: சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது. திரும்பிப் பார்த்து "ஸ்ஸ்" என்றாள்.

குழந்தை கேட்டதையும் பேசியதையும் மட்டும் இந்த நோட்டில் எழுதினால் போதும் என்று ஹேமலதா மேடம் சொல்லியிருக்கிறார். கோயம்புத்தூரில் இருந்துகொண்டு, காது கேளாத குழந்தைகளுக்கு ஆன்லைனில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர். அம்மாவையும் பிள்ளையையும் சேர்த்து உட்கார வைத்துத்தான் வகுப்பு. காசு வாங்குவதில்லை. என் மகள் மூன்று வருஷமாக அவரிடம் இருக்கிறாள். நானோ கோபி பஸ் ஸ்டாண்டில் நேரக் காப்பாளர். நாள் முழுக்கக் கூண்டுக்குள் உட்கார்ந்து எந்த பஸ் எப்போது வந்தது, எப்போது போனது என்று எழுதுகிற கை. இரண்டு வரியோடு நிற்க மாட்டேன் என்கிறது.

இன்றைய விசேஷம், மேடம் எனக்கு மூன்று அழைப்புகள் கொடுத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு ஒரு குழு, ஆதிரை போன்ற பழையவர்களையும் சேர்த்து நாற்பது குழந்தைகள். புதிதாகச் சேர வேண்டுமென்றால் எங்களைப் போன்ற பழைய பெற்றோர் ஐந்து பேரில் ஒருவர் அழைப்பு அனுப்ப வேண்டும். மெயிலில் போகும். ஏழு நாளுக்குள் அதைத் திறந்து, இருக்கிற ஒரே பட்டனை அமுக்கினால் இடம் உறுதி. ஏழு நாள் தாண்டினால் அந்த அழைப்பு வீண். ஜூன் 30-ம் தேதி குழு மூடிவிடும். அதற்கப்புறம் ஜனவரிதான்.

கேட்டுக்கொண்டு நிற்பவர்கள் இருநூறு பேர். கையில் மூன்று. கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது, எழுதினால் என்ன.

ஜூன் 5

கண்டக்டர் வேலுச்சாமியின் மச்சினி குழந்தைக்கு முதல் அழைப்பு போனது. நேற்று மட்டும் எட்டுத் தடவை கூப்பிட்டான். சத்தியமங்கலம் வண்டியை எடுக்கச் சொல்லி டிரைவர் ஹாரன் அடிக்கிறார், இவன் கூண்டு ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "அண்ணா, நீங்க மட்டும் அனுப்பிச்சுட்டீங்கன்னா அடுத்த நிமிஷமே சேந்தர்றாங்க" என்கிறான். அனுப்பினேன்.

ஆதிரை: "பஸ் பெருசு." இரண்டு சொல் சேர்த்து, தானாக.

ஜூன் 9

அடுத்த நிமிஷம் என்று சொல்லி நாலு நாள் ஆகிறது. 'அனுப்பப்பட்டது' என்றே காட்டுகிறது. வேலுச்சாமி என் கூண்டுப் பக்கம் வருவதில்லை. டிரைவரை அனுப்பிக் கையெழுத்து வாங்கிக்கொள்கிறான்.

ஜூன் 12

முதல் அழைப்பு காலாவதி.

மத்தியானம் அவனைப் பிடித்துவிட்டேன். டீக்கடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"மச்சினியோட மாமனாரு வேண்டாம்னுட்டாருங்ணா. ஆம்பளப் பசங்க லேட்டாத்தான் பேசுவாங்க, தானா வந்துரும்கிறாரு."

"தானா வர்றதுக்கு அதென்ன தலைமுடியாடா? அப்பறம் எதுக்குடா எட்டுத் தடவ போன் பண்ணுன?"

டீக்கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசிவிட்டேன் போல.

வீட்டில் தேன்மொழியிடம் சொன்னேன். அவள் ஆதிரையின் காதுக்கருவிக்கு பேட்டரி மாற்றிக்கொண்டே, "பயமா இருந்திருக்குமுங்க. சேந்துட்டா நெசம்னு ஆயிருமில்ல" என்றாள்.

கை கழுவ எழுந்துவிட்டேன். தட்டில் ஒரு தோசை பாக்கி இருந்தது.

ஜூன் 14

இரண்டாவது அழைப்பு எங்கள் தெரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ராமநாதன் சாருக்கு. பேத்தி பெங்களூரில். சார் மெயில் ஐடியை டைப் அடித்து, கவரில் போட்டு, வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். இவரிடம் ஒழுங்கு இருக்கிறது.

ஜூன் 21

ஒழுங்கு இருந்து என்ன பிரயோஜனம். ஏழு நாளும் பொறுமையாகக் காத்திருந்தேன். இன்று காலாவதி. போய்க் கேட்டால், "அங்க நல்ல சென்டர்ல சேத்துட்டாங்களே! இது சும்மா ஒரு பாதுகாப்புக்கு வாங்கி வெச்சதுதானே" என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார். கைமுறுக்கு வேறு கொடுத்தார்.

பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்துவிட்டு ஏறாமலே போகிறவனை என்ன செய்வது? ஏறத் துடித்து நிற்பவன் அந்தத் துண்டைப் பார்த்துப் பார்த்து நின்றுகொண்டே வருகிறான்.

காலாவதி ஆவதற்கு முன்னால் நாமே திரும்பப் பெற்றால் அதே அழைப்பை வேறு ஆளுக்கு அனுப்பலாமாம். இது முதலிலேயே தெரிந்திருந்தால் இரண்டையும் காப்பாற்றியிருப்பேன். கடைசி ஒன்று இருக்கிறது. இனி ஏமாற மாட்டேன்.

ஜூன் 22, சனி

அந்தியூர் வண்டிக்கு நின்ற ஒரு பெண், இடுப்பில் குழந்தை. குழந்தையின் காதுக்குப் பின்னால் கருவியைப் பார்த்ததும் கூண்டைவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆதிரைக்கு இருப்பதேதான், புதுசு.

பெயர் பூங்கொடி. குழந்தை மிதுனா, இரண்டரை வயது. ஆபரேஷன் முடிந்து, கருவியை ஓட விட்டு ஒரு மாதம்தான் ஆகிறது. வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போனால் மாதம் ஒருமுறை வருவார். இவள் தறிக்குப் போகிறாள்.

"மொத ஒரு வருசம் விடாம பேச்சுக் குடுக்கோணும்னாங்ணா டாக்டரு. என்ன பேசறது, எப்படிப் பேசறதுன்னு யாருமே சொல்லித் தர்றதில்லீங். நானும் இவகிட்ட நாளெல்லாம் பேசறேன். செவுத்துகிட்டப் பேசறாப்புல இருக்குது."

வகுப்பைப் பற்றிச் சொன்னேன். ஏழு நாள் கணக்கைச் சொன்னேன். வேலுச்சாமி கதையையும் பேங்க் மேனேஜர் கதையையும் சொல்லி, "நீயும் அப்படிப் பண்ணீராத" என்று கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன். பையிலிருந்து ஒரு சீட்டு எடுத்தாள். மெயில் ஐடி குண்டு குண்டாக, அழகான கையெழுத்து. அங்கேயே அனுப்பினேன். எங்கள் பெற்றோர் வாட்ஸப் குழுவிலும் அவளைச் சேர்த்துவிட்டேன்.

பஸ் கிளம்பும்போது குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்ட வைத்தாள்.

ஜூன் 25

பூங்கொடிக்குப் போன் செய்தேன்.

"இன்னும் வரலீங்ணா."

"அனுப்பி மூணு நாளாச்சே. நல்லாப் பாத்தியா?"

"காலைல, சாயங்காலம் ரெண்டு நேரமும் பாக்கறனுங்ணா. போன் கடைல ஒருக்கா கேக்கோணும்."

மெயில் பார்ப்பதற்குப் போன் கடை எதற்கு? வரவில்லையாம். எனக்கா தெரியாது, வரவில்லை என்று சொல்வது எத்தனை சுலபம் என்று. யாரும் எதையும் காட்டச் சொல்லப்போவதில்லை. முகத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

ஆதிரை: பக்கத்து வீட்டு நாய் குரைத்ததற்கு, "நாய் கோவம்."

ஜூன் 27

மறுபடியும் "வரலீங்ணா." பின்னால் தறிச் சத்தம். நான் கத்திவிட்டேன். வேண்டாமென்றால் வேண்டாம் என்று சொல்வதற்கு என்ன என்றேன். "அய்யோ, நெசமாவே வரலீங்ணா" என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டேன்.

அழைப்பைத் திரும்பப் பெற்றேன். ஒரு அமுக்குதான்.

திருப்பூரிலிருந்து ஒரு ஆடிட்டரின் மனைவி வாட்ஸப் குழுவில் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அனுப்பினேன். மூன்றே நிமிஷத்தில் சேர்ந்துவிட்டார். இப்படி இருக்க வேண்டும்.

அந்தச் சூட்டோடு வாட்ஸப் குழுவில் பேசி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். நாலு நிமிஷம். கெஞ்சி வாங்கிக்கொண்டு பயன்படுத்தாமல் விடுகிறவர்கள் இன்னொரு குழந்தையின் வாயை அடைக்கிறார்கள் என்றேன். வேலுச்சாமி கூட வேலை பார்க்கிறவன் என்பதால் பெயர் சொல்லவில்லை. பேங்க் மேனேஜர் வயசில் பெரியவர், அவர் பெயரும் வேண்டாம். அந்தியூர் பூங்கொடி என்று சொன்னேன். வரவில்லை என்று வாய் கூசாமல் பொய் சொல்கிற தாய் என்றும் சொன்னேன்.

முப்பத்தொரு பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள். சரியாகச் சொன்னீர்கள் சார் என்று ஆறு பேர்.

சாயங்காலம், பூங்கொடி குழுவிலிருந்து வெளியேறினார் என்று காட்டியது.

ஜூன் 30

வகுப்புச் சேர்க்கை மூடியது. நாற்பது குழந்தைகள்.

ஜூலை 2

வாய்ஸ் மெசேஜை தேன்மொழி இன்றுதான் கேட்டிருக்கிறாள். நாலு நிமிஷமும் கேட்டுவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"வரலைன்னு அந்தப் புள்ள சொன்னா வரலைன்னுதான அர்த்தம்? அதெப்படிப் பொய்யின்னு முடிவு கட்டுனீங்க?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க."

"எல்லாரும்னா ஆரு?"

தண்ணீர் லாரி வந்துவிட்டது. குடத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

ஜூலை 4

ஆதிரை மழைச் சத்தம் கேட்டு ஜன்னலுக்கு ஓடினாள். வேறொன்றும் எழுதத் தோன்றவில்லை.

ஜூலை 8, திங்கள்

பதினொன்றரை மணி அந்தியூர் வண்டியிலிருந்து பூங்கொடி இறங்கி நேராகக் கூண்டுக்கு வந்தாள். சண்டை போட வருகிறாள் என்று நினைத்து எழுந்து நின்றேன். அவள் போனை நீட்டினாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"இந்தப் போனு இவியப்பா பழைய போனுங்ணா. இதுல வர்றது அவரு மெயிலுங்க. மெயிலுன்னா போனுக்கு ஒண்ணுதான்னு நெனச்சுட்டனுங். ஆஸ்பத்திரில கேட்டாங்கன்னு எனக்குன்னு ஐடி தொறந்து சீட்டுல எழுதிக் குடுத்தது போன் கடைக்காரரு. பாஸ்வேர்டு அவருகிட்டத்தான். அவிய அம்மா தவறிப்போயி, காரியம் முடியற வரைக்கும் கடை சாத்தியிருந்துதுங். தறிக்குப் போறப்பவும் வாரப்பவும் இவளத் தூக்கிட்டுக் கடை முன்னால நின்னு பாத்துட்டுத்தான் போவேன். வெள்ளிக்கெழமதான் தொறந்து, இந்தப் போன்ல போட்டுக் குடுத்தாரு."

திரையில் இரண்டு மெயில்கள். ஜூன் 22, நான் அனுப்பியது. ஜூன் 27, 'உங்களுக்கான அழைப்பு திரும்பப் பெறப்பட்டது.' இரண்டும் யாரும் திறக்காத பெட்டிக்குள் கிடந்திருக்கின்றன. நடுவில் இருந்த ஐந்து நாளும் அவள் வேறொரு பெட்டியைக் காலையும் மாலையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

டீ சாப்பிடுகிறாயா என்று கேட்டேன்.

"வேண்டாங்ணா. நான் பொய் சொல்லலீங். அதைய உங்ககிட்டச் சொல்லீட்டுப் போலாம்னுதான் வந்தேன்." குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு, "அடுத்தது ஜனவரிதானுங்ளா?" என்றாள்.

ஆமாம் என்றேன். தலையாட்டினாள். அதே வண்டியிலேயே திரும்பிப் போனாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அந்தியூர் வண்டி பதினொன்று ஐம்பதுக்குப் போனதாக எழுதியிருக்கிறேன். பதினொன்று நாற்பதுக்கே போய்விட்டது என்று டிரைவர் சொல்கிறார். பதினாறு வருஷத்தில் நான் செய்த முதல் தப்புப் பதிவு.

ஜூலை 9

தேன்மொழி கேட்ட கேள்விக்கு இங்கேயாவது பதில் எழுதுகிறேன்.

எல்லாரும் என்றால் நான்.

நாலு வருஷத்துக்கு முந்தி, ஆதிரைக்கு ஒன்றரை வயது. காது கேட்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். நான் நம்பவில்லை. என் பெரியப்பா மூன்று வயதில்தான் பேசினாராம், அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பவானியில் சகுந்தலாக்கா என்று ஒருவர், அவர் பையனும் ஆதிரை போலத்தான். ஆஸ்பத்திரியில் தேன்மொழியைப் பார்த்துப் பழகி, ஹேமலதா மேடம் வகுப்புக்குத் தன்னிடம் மிச்சமிருந்த ஒரே அழைப்பை எங்களுக்கு அனுப்பினார். என் மெயிலுக்கு.

வந்தது. அனுப்பிய அன்றே வந்தது. 'காது கேளாத குழந்தைகளின் பெற்றோருக்கு' என்று தலைப்பிலேயே இருந்தது. அதைப் படித்துவிட்டு மூடினேன். தேன்மொழி கேட்டபோது வரவில்லை என்றேன். மறுநாளும் வரவில்லை என்றேன். ஏழு நாளும் கேட்டாள், ஏழு நாளும் சொன்னேன். சகுந்தலாக்கா போன் செய்து அனுப்பிவிட்டேனே என்றார். தேன்மொழி அவரிடம், "இல்லைன்னா இல்லைன்னு சொல்லியிருக்கலாமேக்கா, எதுக்குப் பொய் சொல்றீங்க" என்று சண்டை போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அந்த அக்கா அதோடு எங்களிடம் பேசுவதை விட்டுவிட்டார்.

அடுத்த வகுப்பில் சேர ஏழு மாதம் ஆனது. ஆதிரை பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் பேசுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதெல்லாம் அந்த ஏழு மாதத்தைத்தான் நினைத்துக்கொள்கிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

பூங்கொடி குரலில் நான் கேட்டது என் குரலைத்தான். அதனால்தான் ஒரு விநாடிகூட அவளை நம்பத் தோன்றவில்லை.

ஜூலை 11

ஹேமலதா மேடத்துக்குப் போன் செய்து பூங்கொடிக்கு நடந்ததைச் சொன்னேன். இன்னொரு இடம் போட முடியுமா என்று கெஞ்சினேன்.

"நாப்பத்தி ஒண்ணாவதா ஒரு குழந்தைக்குத் திறந்தா, வெளிய நிக்கிற இருநூறு பேருக்கு நான் என்ன சொல்றது, கந்தவேல்?"

"அப்படின்னா ஆதிரை எடத்த அந்தக் குழந்தைக்குக் குடுத்துருங்க மேடம்."

அந்தப் பக்கம் ஏதோ நோட்டைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"மாத்தலாம். ஆனா வகுப்புல உக்கார்றது தேன்மொழி. அவங்க வாயால எங்கிட்டச் சொல்லணும். எதுக்காகன்னு முழுசாத் தெரிஞ்சுகிட்டுச் சொல்லணும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் வெச்சிருக்கேன்."

முழுசாக என்றார். அவருக்கு எவ்வளவு தெரியுமோ.

ஜூலை 12

இன்று சொல்லவில்லை. டூட்டி முடிந்து வர நேரமாகிவிட்டது என்று எழுதலாம். ஆறு மணிக்கே வந்துவிட்டேன்.

ஜூலை 13

இன்றும் சொல்லவில்லை. குழுவில் அந்த வாய்ஸ் மெசேஜுக்கு இன்னும் இரண்டு கட்டைவிரல் வந்திருக்கிறது. அழிக்கப் போனேன். இத்தனை நாள் ஆனபிறகு எல்லாருக்குமாக அழிக்க முடியாதாம்.

ஜூலை 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காலையில் அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து முதலில் பூங்கொடி கதையைச் சொன்னேன். அவள் "பாவம்" என்றாள். அப்புறம் சகுந்தலாக்காவின் மெயில் அன்றைக்கே வந்தது என்று சொன்னேன். கீரை ஆய்ந்த கை நின்றது.

"வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. மறுபடி ஆயத் தொடங்கி, ஒரு கட்டு முழுவதையும் முடித்தாள்.

"நான் அந்தக்காவப் பொய்க்காரின்னு சொன்னேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுட்டிருந்தீங்க."

ஆமாம் என்றேன்.

"இப்ப ஆதிரை எடத்தக் குடுக்கறேங்கறீங்க. நீங்க பண்ணுனதுக்கு அவ எதுக்குங்க குடுக்கோணும்? அன்னிக்கும் அவளுக்குத்தான் போச்சு. இன்னிக்கும் அவளுக்குத்தான் போகோணுமா?"

இதை நான் யோசிக்கவே இல்லை. பூங்கொடிக்குப் பெரிய தியாகம் செய்வதாக மூன்று நாளாக எனக்குள் ஒரு நினைப்பு. என்னுடையதாக அதில் ஒன்றுமே இல்லை.

கீரையைக் கழுவி வைத்துவிட்டு அவளே மேடத்துக்குப் போன் செய்தாள். முற்றத்தில் நின்று கேட்டேன். "மாத்திக்கோங்க மேடம். மூணு வருசமா உக்காந்து கத்துகிட்டதுல ஆறு மாசத்துக்கு எம்புள்ளைக்கு நானே சொல்லிக் குடுத்துக்குவேன். அந்தப் புள்ளைக்கு ஒண்ணுமே தெரியாதில்ல." அடுத்து சகுந்தலாக்காவுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. மூன்று தடவை அடித்தாள்.

என் பக்கம் திரும்பி ஒன்றுதான் சொன்னாள். "அந்தக் குரூப்புல போயி நீங்களே பேசுங்க. என்ன பேசோணும்னு நான் சொல்ல மாட்டேன்."

ஜூலை 15

குழுவில் பேசினேன். ஒரு நிமிஷம்கூட வரவில்லை. பூங்கொடி பொய் சொல்லவில்லை, பொய் சொன்னது நான், நாலு வருஷத்துக்கு முந்தி என்றேன். கட்டைவிரல் எதுவும் வரவில்லை. ஒருவர் மட்டும், "எங்க வீட்டிலும் இப்படித்தான் ஆச்சு சார்" என்று எழுதி, உடனே அழித்துவிட்டார்.

பூங்கொடிக்குப் போன் செய்தேன். இடம் கிடைத்திருக்கிறது என்று சொல்லி, மன்னிப்பும் கேட்டேன். அவள் இடத்தைப் பற்றித்தான் கேட்டாள். யார் இடம், அந்தக் குழந்தை என்ன செய்யும் என்றாள். சொன்னதும் வேண்டாம் என்றாள். தேன்மொழி என் கையிலிருந்து போனை வாங்கி உள்ளே கொண்டுபோனாள். அரை மணி நேரம் இரண்டு பேரும் பேசினார்கள். மெயில், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் தேன்மொழியே சொல்லிச் சொல்லி மாற்ற வைத்தாள்.

மிதுனா சேர்ந்துவிட்டாள்.

ஜூலை 18

தேன்மொழி சோறு போடுகிறாள், துணி மடித்து வைக்கிறாள். என்னிடம் பேசுவதில்லை. ஆதிரையோடு நாள் முழுக்கப் பேசுகிறாள். "இது கத்திரிக்கா. கத்திரிக்கா நறுக்கறேன். பாரு, உள்ள விதை." நான் பக்கத்தில் போனால் பேச்சு நிற்பதில்லை. என்னைத் தாண்டிப் போகிறது.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் கூடத்தில் உட்கார்ந்து ஆதிரையின் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் எதிரில் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தாள். சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், என்னை ஒருமுறை பார்த்தாள்.

"அம்மா பேசல," என்றாள். அப்புறம், "ஏன்?"

'என்ன' கேட்பாள், 'எங்க' கேட்பாள். 'ஏன்' என்று இதுவரை கேட்டதில்லை. இந்தக் கேள்வி வந்துவிட்டால் பாதித் தூரம் வந்த மாதிரி என்று மேடம் சொல்வார். தேன்மொழியைக் கூப்பிட வாயெடுத்தேன். கூப்பிடவில்லை. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"அப்பா பொய் சொல்லிட்டேன் சாமி" என்றேன். ஷூவைவிட்டுத் தலையைத் தூக்காமல், வாய்க்குள்ளேயே.

அவளுக்கு விளங்கவில்லை. கருவியை விரலால் தொட்டுச் சரிசெய்துகொண்டு, "என்ன?" என்றாள்.

குழந்தைக்குக் கேட்கவில்லை என்றால் முகத்தை நேராக வைத்துக்கொண்டு, நிறுத்தி, அதையே திரும்பச் சொல்ல வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். பிரஷைக் கீழே வைத்தேன். சமையலறை வரைக்கும் கேட்கும்படி, ஒவ்வொரு சொல்லாக, மறுபடியும் சொன்னேன்.